அன்றைய கச்சேரியின் ஒலிப்பதிவு கையில் இருக்கிறது, கேட்கலாமா?

சுழல்தட்டு எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம்.

ராக் இசைக்குள் நான் நுழைந்த வாசல் மேடைப் பதிவுகள்தான். பதினான்கு வயதில் அண்ணனின் மேசை இழுப்பறையிலிருந்து அவருக்குத் தெரியாமல் எடுத்துக் கேட்ட முதல் கேசட், டீப் பர்ப்பிள் குழுவினர் 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலுமாக மூன்று இரவுகள் வாசித்ததிலிருந்து தொகுத்த 'மேட் இன் ஜப்பான்'. பாட்டைவிட அப்போது என்னை இழுத்தது பாட்டுகளுக்கு நடுவே வந்த பேச்சு. பாடகர் இயன் கில்லன் ஒரு இடத்தில், எல்லாவற்றையும் எல்லாவற்றையும்விடச் சத்தமாக வைக்க முடியுமா என்று கேட்பார். அந்த ஒரு வரிக்காகவே நாடாவைத் திரும்பத் திரும்பச் சுற்றியதில் அந்த இடம் நைந்துபோய், அண்ணனிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நான் நேரில் நின்று கேட்ட முதல் ராக் கச்சேரி அதற்குச் சில ஆண்டுகள் கழித்து நடந்தது. ஒரு இசைத்தட்டுகூட வெளியிடாமல் கலைந்துபோன சிறு குழு அது. கூட்டம் முந்நூறு பேர் இருக்கும். கடைசிக்கு முந்தைய பாடலின் நடுவில் மின்சாரம் போய்விட்டது. கிட்டார், பேஸ் (கீழ்ச்சுரங்கள் வாசிக்கும் கிட்டார்), பாடகரின் மைக் எல்லாம் ஒரே நொடியில் அடங்கிவிட, டிரம்ஸ் வாசித்தவர் மட்டும் நிறுத்தாமல் இருட்டில் வாசித்துக்கொண்டே இருந்தார். கூட்டம் முழுவதும் பாடலைத் தானே எடுத்துப் பாடியது. மின்சாரம் திரும்பி வருவதற்குள் ஐந்து நிமிடமாவது ஆகியிருக்கும். இதை எத்தனை பேரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. அன்று என் பக்கத்தில் நின்ற நண்பரோ, சென்ற மாதம் பேச்சுவாக்கில், அது அரை நிமிடத்துக்கு மேல் இல்லை என்றும் யாரும் பாடியதாகத் தனக்கு நினைவில்லை என்றும் சொல்லிவிட்டார்.

இந்த நேரம் பார்த்துப் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றில் அந்தக் கச்சேரியின் ஒலிப்பதிவு கிடைத்திருக்கிறது. அன்று சட்டைப் பையில் வைத்திருந்த குரல்பதிவுக் கருவியில் நானே பதிந்தது. பதிந்த பிறகு ஒரு முறைகூடக் கேட்டதில்லை. இப்போது திறக்கக் கை வரவில்லை. உங்களில் யாராவது நேரில் நின்று கேட்ட கச்சேரியைப் பிறகு பதிவில் கேட்டிருக்கிறீர்களா? நினைவும் பதிவும் ஒத்துப்போயினவா? உங்களுக்கு மிகவும் பிடித்த மேடைப் பதிவு எது, அதை ஏன் நம்புகிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் மகிழ்வேன்.

பக்கம் பி எழுதியது:

தயங்காமல் கேளுங்கள். பதிவு உங்கள் நினைவைப் பொய்யாக்கிவிடும் என்று அஞ்சுகிறீர்கள். ஆனால் பதிவு என்பதும் அப்படியொன்றும் சத்தியம் செய்து கொடுத்த சாட்சி அல்ல.

எனக்கு மிகவும் பிடித்த மேடைப் பதிவு, தி ஹூ குழுவினர் 1970 பிப்ரவரி 14 அன்று லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் உணவுக்கூடத்தில் வாசித்தது. முதலில் வந்த இசைத்தட்டில் ஆறே பாடல்கள். உறை பழுப்பு நிறக் காகிதத்தில் முத்திரை குத்தியதுபோல் இருக்கும். இடையில் கேட்கும் கரகரப்பு இருக்கட்டும், திருத்த வேண்டாம் என்று தட்டின் லேபிளிலேயே எழுதி வைத்திருந்தார்கள். பீட் டவுன்செண்டின் கிட்டார் நின்று, ஜான் என்ட்விசிலின் பேஸும் கீத் மூனின் டிரம்ஸும் மட்டும் ஓடும் இடங்களில் மூன்று வாத்தியக்காரர்கள்தான் மேடையில் இருந்தார்கள் என்பதையே காது ஏற்க மறுக்கும். அந்தக் கரகரப்பு எனக்கு இப்போது பாட்டின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. பிற்காலத்தில் அதைத் துடைத்துச் சுத்தமாக்கி வெளியிட்ட பதிப்பைக் கேட்டபோது, தெரிந்தவர் ஒருவர் மீசையை எடுத்துவிட்டு வந்து நின்றதுபோல் இருந்தது.

நான் சொல்ல வந்தது மறுநாள் கச்சேரியைப் பற்றி. அடுத்த இரவே ஹல் நகரிலும் வாசித்துப் பதிவு செய்தார்கள். ஆனால் தொடக்கத்துச் சில பாடல்களில் பேஸ் கிட்டார் நாடாவில் ஏறவே இல்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2010இல், அந்த இரவை வெளியிட முடிவு செய்தபோது, லீட்ஸில் என்ட்விசில் வாசித்ததை எடுத்து ஹல் பதிவுக்குப் பொருத்தினார்கள். அதாவது, ஹல் கூட்டத்தின் கைதட்டலுக்கு நடுவே நாம் கேட்கும் பேஸ், முதல் நாள் இரவு வேறொரு ஊரில் வாசித்தது. இதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. பொருத்தியவர்கள் ஒளிக்கவும் இல்லை.

பீட்டில்ஸ் 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் வாசித்ததும் இப்படித்தான். 55,600 பேர் கூடி நின்று கத்தியதில், வாசிப்பவர்களை நோக்கி மேடையில் வைக்கும் மானிட்டர் ஒலிபெருக்கி என்று எதுவும் இல்லாத அந்தக் காலத்தில், வாசித்தவர்களுக்கே தாங்கள் வாசிப்பது கேட்கவில்லை. அதைத் தொலைக்காட்சிக்குப் படமாக்கியபோது, சில பகுதிகளை 1966 தொடக்கத்தில் லண்டன் ஸ்டூடியோ ஒன்றில் உட்கார்ந்து மீண்டும் வாசித்துச் சேர்த்தார்கள். அன்று அரங்கில் இருந்த ஒருவர் பிற்பாடு அந்தப் படத்தைப் பார்த்து, அடடா, எவ்வளவு அருமையாக வாசித்தார்கள் என்று சொல்லியிருந்தால், அவர் ஸ்டூடியோவில் வாசித்ததைத்தான் புகழ்ந்திருப்பார்.

ஆகவே, உங்கள் சட்டைப் பை சொல்வது ஒரு கதை, நீங்கள் சொல்வது ஒரு கதை, நண்பர் சொல்வது ஒரு கதை. சட்டைப் பையின் கதையையும் கேட்டுவிட்டால்தான் என்ன?

நாலு தந்தி எழுதியது:

நான் பேஸ் வாசிப்பவள். பெரிய மேடைகள் ஏறியதில்லை. சிறு அரங்குகளில் பதினோரு ஆண்டுகளாக வாசிக்கிறேன். நண்பர் அந்தக் கோப்பைத் திறப்பதற்கு முன் சில விஷயங்களைச் சொல்லி வைப்பது நல்லது என்று தோன்றியது. ஏனென்றால் சட்டைப் பையில் இருந்த கருவி கேட்டதும் அவருடைய காது கேட்டதும் ஒன்றாக இருக்க வாய்ப்பே இல்லை.

முதலாவதாக, குரல்பதிவுக் கருவி பேச்சுக்காகச் செய்யப்பட்டது. சத்தம் கூடினால் அது தானாகவே பதிவின் அளவைக் குறைத்துக்கொள்ளும், சத்தம் குறைந்தால் ஏற்றிக்கொள்ளும். அதனால் மேடை முழக்கமும் பக்கத்தில் ஒருவர் இருமுவதும் பதிவில் ஏறத்தாழ ஒரே அளவாகக் கேட்கும். உங்கள் நெஞ்சை அதிரவைத்த கிக் டிரம் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) அதில் அட்டைப் பெட்டியைத் தட்டுவதுபோல் இருக்கும். பேஸ் இருக்கும் இடமே தெரியாது (எங்களுக்கு இது பழகிப்போன அவமானம்). இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: கருவிக்கு மிக அருகில் இருந்த வாய் உங்களுடையது. கூட்டத்தில் மற்றவர்கள் பாடினார்களா இல்லையா என்பதற்கு அந்தப் பதிவு சரியான பதில் தராது. நீங்கள் பாடினீர்களா, அதுவும் சுருதியோடு பாடினீர்களா என்பதற்கு மட்டும் ஈவிரக்கமில்லாமல் பதில் தரும்.

மேடைக்கும் கூட்டத்துக்கும் இடையே உள்ள தூரத்தையும் மறக்க வேண்டாம். ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். பெரிய திடலில் மேடையிலிருந்து நூறு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு, டிரம்ஸ் வாசிப்பவரின் குச்சி தோலில் விழுவது கண்ணில் பட்டு ஏறக்குறைய வினாடியில் மூன்றில் ஒரு பங்கு கழித்தே அடி காதில் விழும். பின்வரிசைக்காரர்களுக்காக நடுவில் கோபுரம் நிறுத்தி ஒலிபெருக்கி மாட்டும்போது, அதிலிருந்து வரும் ஒலியை அதே அளவு வேண்டுமென்றே தாமதப்படுத்துவார்கள். இல்லையென்றால் அங்கே நிற்பவர்களுக்கு எல்லாம் இரண்டிரண்டாகக் கேட்கும். கூட்டம் கைதட்டத் தொடங்கும்போது தாளம் பின்னோக்கி இழுத்துக்கொண்டே போவதற்கும் இந்தத் தூரம் ஒரு காரணம். மேடையில் நிற்கிற எங்களுக்கு அந்தக் கைதட்டலைக் காதில் வாங்காமல் வாசிப்பதே ஒரு பயிற்சி.

இனி மின்சாரம் போன கதைக்கு வருகிறேன். டிரம்ஸ்காரர் மட்டும் வாசித்தார் என்பதில் வியப்பில்லை, மேடையில் மின்சாரம் இல்லாமல் ஒலிக்கக்கூடியது அது ஒன்றுதான். ஆனால் முந்நூறு பேருக்கு நடுவே ஒலிபெருக்கி இல்லாத டிரம்ஸ் நன்றாகவே கேட்டிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். இருட்டும் சேர்ந்துகொண்டால் நேரம் நீளும். எங்களுக்கும் ஒரு முறை இப்படி நடந்தது. நான் வாசிக்க முடியாமல் கழுத்தில் கிட்டாரோடு நின்ற அந்த நேரம் எனக்கு ஒரு முழுப் பாடலின் நீளமாகத் தோன்றியது. எங்கள் டிரம்ஸ்காரருக்கோ, நிறுத்தலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதற்குள் விளக்கு வந்துவிட்டது.

கேட்கும்போது ஓர் இடத்தைக் கவனியுங்கள். மின்சாரம் திரும்பிய கணத்தில் ஒலிபெருக்கியில் 'டப்' என்று ஒரு வெடிப்பு வரும். யாரும் பொத்தானை அணைத்திருக்க மாட்டார்கள். அதன் பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் சேர்ந்திருக்க முடியாது. பேஸின் ஒலியைப் பெருக்கும் பெட்டியான ஆம்ப் டிரான்சிஸ்டர் வகையாக இருந்தால் அது உடனே உயிர்பெறும். கிட்டார்காரர் கண்ணாடிக் குழாய்கள் கொண்ட பழைய வகை வால்வு ஆம்ப் வைத்திருந்தால், வால்வு மறுபடி சூடேறக் கொஞ்ச நேரம் பிடிக்கும். கிட்டார் எவ்வளவு தாமதமாக நுழைகிறது என்பதை வைத்தே அன்று அந்த மேடையில் என்ன ஆம்ப் இருந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

மூன்றாம் வரிசை எழுதியது:

எல்லாரும் கேளுங்கள் என்கிறீர்கள். கேட்க வேண்டாம் என்று சொல்ல ஒருத்தியாவது இருக்கட்டும்.

என் நினைவில் ஒரு கச்சேரி இருந்தது. தனியாக ஒரே கிட்டாரோடு வந்த பாடகர். இரண்டாவது பாடலிலேயே தந்தி அறுந்துவிட்டது. மாற்றுக் கிட்டார் இல்லை. மேடை விளிம்பில் வந்து உட்கார்ந்து, பழைய தந்தியைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, புதியதை மாட்டி முறுக்கியபடியே எங்களோடு பேசிக்கொண்டிருந்தார். அந்தத் தந்தியைத் தன் தந்தை வாங்கித் தந்ததாகச் சொன்னார், நாங்கள் சிரித்தோம், பிறகு அமைதியானோம். இப்படித்தான் ஒன்பது ஆண்டுகள் நான் வைத்திருந்தேன். பிறகு யாரோ எடுத்த காணொளி கண்ணில் பட்டது. அவர் உட்காரவே இல்லை. நின்றபடி தந்தியை மாற்றினார். தந்தையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. யாரிடமோ தண்ணீர் கேட்டார், குடித்தார், பாடத் தொடங்கினார். தந்தை வாங்கித் தந்த தந்தி என்ற பேச்சை எங்கிருந்து எடுத்து அங்கே ஒட்டினேன் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அதில் நான் இழந்தது உண்மையை அல்ல, அந்த இரவையே இழந்துவிட்டேன். இப்போது அந்தக் கச்சேரியை நினைத்தால் எனக்கு வருவது என் கண் பார்த்த காட்சி அல்ல. கைபேசியை உயரப் பிடித்திருந்த யாரோ ஒருவரின் கோணம், முன்னால் நிற்பவரின் தலை, ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட மேடை. இது திரும்பி வராது.

பதிவு இருந்தால் வழக்குத் தீர்ந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 1966 மே 17 அன்று மான்செஸ்டரில் பாப் டிலன் மின்கிட்டாரோடு வாசித்துக்கொண்டிருந்தபோது, கூட்டத்திலிருந்து ஒருவர் அவரை, துரோகி என்ற பொருளில், 'யூதாஸ்' என்று கத்திய குரல் தெளிவாகவே பதிவாகியிருக்கிறது. அந்தப் பதிவோ பல ஆண்டுகள் லண்டனின் ராயல் ஆல்பர்ட் ஹாலில் எடுத்தது என்ற பெயரிலேயே கள்ளத்தட்டாகச் சுற்றிக்கொண்டிருந்தது. 1998இல் முறையாக வெளியிட்டபோதும் அந்தத் தவறான பெயரை மேற்கோள் குறிக்குள் அப்படியே வைத்துவிட்டார்கள். கத்தியது நான்தான் என்று பிற்பாடு இரண்டு பேர் தனித்தனியே சொன்னார்கள். ஒலி கையில் இருக்கிறது. ஊரும் ஆளும் தகராறில் இருந்தன.

சுழல்தட்டு அவர்களே, உங்கள் குழு கலைந்துவிட்டது, தட்டும் வெளியிடவில்லை. அந்த ஐந்து நிமிடம் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. அரை நிமிடத்துக்கு ஆசைப்பட்டு அதைக் கொடுத்துவிடாதீர்கள்.

பக்கம் பி எழுதியது:

மூன்றாம் வரிசை சொல்வதில் உள்ள வலி புரிகிறது. காணொளிக்கும் ஒலிக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். காணொளி நம் கண்ணின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நீங்கள் இழந்ததாகச் சொல்வதும் அதைத்தான். ஒலிப்பதிவு அப்படிச் செய்வதில்லை, இருட்டை இருட்டாகவே விட்டுவிடும். மற்றபடி, நண்பர் கேட்காமலே இருந்துவிட்டாலும் தவறில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நாடா நெஞ்சன் எழுதியது:

கேட்பதும் கேட்காததும் உங்கள் விருப்பம், ஆனால் முதலில் கோப்பை வேறு இரண்டு இடங்களில் நகலெடுத்து வையுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் இன்று சுழல்கிறது என்பதற்காக நாளையும் சுழலும் என்று நம்ப முடியாது. இரைச்சலை நீக்கும் மென்பொருள் எதிலும் மூலக்கோப்பைப் போடாதீர்கள்; அது இரைச்சலோடு சேர்த்து டிரம்ஸ் தட்டுகளின் ஒலியையும் கூட்டத்தின் மூச்சையும் நக்கித் துடைத்துவிடும். தட்டு வெளியிடாத குழு என்றால் உலகத்தில் அவர்களுடைய ஒரே பதிவு உங்களிடம் இருப்பதாகவும் இருக்கலாம். கிரேட்ஃபுல் டெட் குழுவினர் இப்படிப் பதிபவர்களை விரட்டாமல் 1984இலிருந்து அவர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கினார்கள். அந்தக் குழுவின் அத்தனை இரவுகள் இன்று கேட்கக் கிடைப்பதில், மைக்கைக் கம்பத்தில் கட்டிக்கொண்டு நின்ற அந்த ரசிகர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அன்றைய வாத்தியக்காரர்களில் யாரையாவது தேடிப் பிடிக்க முடிந்தால், அவர்களுக்கு ஒரு நகல் அனுப்புங்கள். நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான்.

சுழல்தட்டு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நகலெடுத்த பிறகு நான்கு நாள் பொறுத்திருந்தேன். மூன்றாம் வரிசை எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு முறை கணினியை மூடி வைத்தேன். நேற்று இரவு விளக்கை அணைத்துவிட்டு ஹெட்ஃபோனில் கேட்டேன்.

இரண்டு நிமிடம் பத்து வினாடி. நண்பருடைய கணக்கும் தவறு, என்னுடையதும் தவறு. அவரிடம் தொலைபேசியில் சொன்னபோது, தன் கணக்குதான் உண்மைக்கு அருகில் இருக்கிறது என்று கழித்துப் பார்த்துக் காட்டினார்; விட்டுவிட்டேன்.

பாடியது பற்றி நாலு தந்தி எச்சரித்தபடியேதான் ஆயிற்று. ஒரு குரல் பாடுகிறது, அது என்னுடையது, சுருதியைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அதற்கு அப்பால் தூரத்தில் ஒரு இரைச்சல் ஏறி இறங்குகிறது. அது கூட்டம் பாடுவதாகவும் இருக்கலாம், வெறும் கூச்சலாகவும் இருக்கலாம். ஆனால் கைதட்டல் தெளிவாகக் கேட்கிறது. நான் எதிர்பார்க்காத ஒன்று அங்கே இருந்தது. கைதட்டல் நீங்கள் சொன்னபடி பின்னோக்கி இழுத்துக்கொண்டே போகிறது. டிரம்ஸ்காரர் முதலில் தன் வேகத்தைப் பிடித்து நிற்கிறார், பிறகு ஓர் இடத்தில் அதை விட்டுக்கொடுத்து, எங்களுடைய மெதுவான தாளத்துக்கு இறங்கி வந்துவிடுகிறார். இருட்டில் எங்களோடு சேர்ந்து வாசிக்க அவர் எடுத்த முடிவு அது என்று எனக்குப் படுகிறது. இத்தனை ஆண்டுகள் நான் சொல்லி வந்த கதையில் இது இல்லவே இல்லை.

பிறகு அந்த 'டப்'. அடுத்த நொடியே ஒரு முரலும் ஒலி. அதன் மேல் பேஸ் மட்டும் ஒரே சுரத்தை விட்டு விட்டு வாசிக்கிறது. கிட்டார் வருவதற்கு இருபத்திரண்டு வினாடி ஆகிறது. கடிகாரம் வைத்துப் பார்த்தேன். ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம் இருக்கிறது. அந்த முரலும் ஒலிக்கும் பேஸுக்கும் நடுவே என்னவோ ஒன்று அலையலையாக அதிர்கிறது, வினாடிக்கு ஒரு முறை போல. பதிவின் பழுதா, அல்லது மேடையிலேயே அப்படித்தான் இருந்ததா?

நாலு தந்தி எழுதியது:

இருபத்திரண்டு வினாடி என்றால் அநேகமாக வால்வு ஆம்ப்தான்.

அலையலையாக வருவது பழுதல்ல. முரலும் ஒலி மின்கம்பியிலிருந்து வருவது. மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி என்பதால் அந்த முரலும் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் இருக்கும். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியில் மூன்றாவது ஃபிரெட்டை (கிட்டாரின் கழுத்தில் உள்ள மூன்றாவது கட்டத்தை) அழுத்தினால் வரும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். இரண்டுக்கும் ஒரு ஹெர்ட்ஸ்தான் இடைவெளி, ஆகவே இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது வினாடிக்கு ஒரு முறை பெருத்துச் சிறுக்கும். உங்கள் கருவி அவ்வளவு கீழே பிடித்திருக்காது. நீங்கள் கேட்பது இவற்றின் மேல்மடங்குகளாக இருக்கும், அதிலும் இந்த அலை வரும், சற்று வேகமாக. பாடல் எந்தச் சுருதி என்று தெரியுமா? ஜி இல்லை என்றால், அந்த பேஸ்காரர் கிட்டார் வரும்வரை அந்த முரலுக்கே சுருதி சேர்த்து வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார்.